உடலில்லாத மெத்தடால் என்ன மிச்சம்?

கேள்வி: சில மெத்தடுகளை (செயல்களை) எழுதாமல் வழிவரும் கிளாஸ்களிடம் விட்டுவிடும் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கு எடுத்துக்காட்டாக ‘வடிவம்’ என்ற கிளாஸையும், அதன் வழிவந்த வட்டம், செவ்வகம் ஆகியவற்றையும் வகுப்பில் காட்டினார்கள். பரப்பளவைக் கணக்கிடும் மெத்தட் வடிவத்தில் உடலில்லாமல், அதாவது நிரல் வரிகள் இன்றிப் பெயரளவில், நிற்கிறது. வட்டமும் செவ்வகமும் அதைத் தனித்தனியே எழுதிக்கொள்கின்றன. எல்லாவற்றையும் கீழே உள்ளவையே எழுத வேண்டுமென்றால் மேலே ஒரு கிளாஸ் எதற்கு?
– பொறியியல் மாணவி, சேலம்

பதில்: உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது, குறை அந்த எடுத்துக்காட்டில்தான் இருக்கிறது. அங்கே எழுதப்படாத மெத்தட் இருக்கிறதே தவிர, அதை நம்பி எழுதி முடிக்கப்பட்ட மெத்தட் ஒன்றுகூட இல்லை. ஒருமுறை எழுதியதைப் பல கிளாஸ்களும் பயன்படுத்திக்கொள்ளும் மறுபயன்பாடு என்பது இந்த இரண்டாம் வகையிலிருந்தே கிடைக்கிறது.

ஜாவா நிரல்மொழியில் 1998 முதல் இருந்துவரும் அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் என்ற கிளாஸைப் பாருங்கள். மாற்ற முடியாத பட்டியல் ஒன்றை உருவாக்க, குறிப்பிட்ட இடத்தில் இருப்பதைத் தரும் ‘கெட்’, மொத்த எண்ணிக்கையைச் சொல்லும் ‘சைஸ்’ ஆகிய இரண்டை மட்டும் நீங்கள் எழுதினால் போதும். ஒரு மதிப்பு எந்த இடத்தில் உள்ளது என்று தேடுவது, ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது, இரண்டு பட்டியல்கள் சமமா என்று ஒப்பிடுவது, நடுவிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்துத் தருவது ஆகிய அனைத்தும் அந்த இரண்டையும் நம்பி முன்பே எழுதப்பட்டிருக்கின்றன.

இட எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அதன் வர்க்கத்தைத் தருமாறு ‘கெட்’டையும், 1,000 என்று விடை தருமாறு ‘சைஸ்’ஸையும் எழுதிவிட்டு, 49 எங்கே இருக்கிறது என்று கேட்டால், 6 என்ற விடை வரும், இடங்கள் 0 முதல் எண்ணப்படுகின்றன. எந்த எண்ணையும் நீங்கள் சேமிக்கவில்லை, தேடும் நிரலையும் எழுதவில்லை. உங்கள் கிளாஸ் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட நிரல், ஓடும் நேரத்தில் கையில் இருக்கும் ஆப்ஜெக்ட் (கிளாஸிலிருந்து உருவான பொருள்) எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கொண்டு உங்கள் ‘கெட்’டைக் கண்டடைந்து அழைக்கிறதே, அதுதான் பாலிமார்பிசம்.

சாதாரண கிளாஸில் ‘கெட்’ வெறுமனே நல் (எதுவுமில்லை) என்று திருப்பித் தருமாறு எழுதியிருந்தாலும் இது நடக்கும். ஆனால், அதை நீங்கள் எழுத மறந்துவிட்டால் பிழை ஓடும்போதுதான் வெளிப்படும். அப்ஸ்ட்ராக்ட் என்று குறித்துவிட்டால், ஓடும் முன்பே நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலரே தடுத்துவிடும்.

எதை எழுதாமல் விடுவது என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. சங்கிலிபோல் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோக்கப்பட்ட பட்டியலில், ஒவ்வொரு ‘கெட்’டும் தலையிலிருந்து நடந்துபோக வேண்டியிருப்பதால், 10,000 உறுப்புகளை வரிசையாகப் பார்க்க ஏறக்குறைய 5 கோடி அடிகள் ஆகும். இதற்காகவே அப்ஸ்ட்ராக்ட்சீக்வென்ஷியல்லிஸ்ட் என்று இன்னொரு கிளாஸை வைத்தார்கள். அதில் வரிசையாக நடக்கும் இட்டரேட்டரை நீங்கள் எழுத, ‘கெட்’ அதிலிருந்து கிடைக்கிறது. அடித்தளம் தலைகீழாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் சொந்தக் கிளாஸிலும், எந்த ஒன்றிரண்டு செயல்கள் கிடைத்தால் மற்றவை அனைத்தையும் வீண் செலவின்றி எழுதிவிடலாம் என்று முதலில் தாளில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு கிளாஸில் என்னென்ன மெத்தடுகள் இருக்க வேண்டும் என்று சொல்லும் இன்டர்ஃபேஸிலும் உடலுள்ள மெத்தட் எழுதலாமே, பிறகு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் தேவையா?
– அதே மாணவி

பதில்: 2014இல் வந்த ஜாவா 8 முதல் எழுதலாம். ஆனால், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் உரிய மாறிகளை இன்டர்ஃபேஸில் வைக்க முடியாது. பட்டியல் எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற எண்ணிக்கையை அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் அத்தகைய மாறி ஒன்றில் வைத்திருக்கிறது. ஒருவர் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் அதை மாற்றினால் அதைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடிகிறது. மறுபுறம், ஒரு கிளாஸுக்கு ஒரே தாய்க் கிளாஸ்தான் இருக்க முடியும். ஆகவே, உங்கள் மெத்தடுகள் லிஸ்ட் என்ற இன்டர்ஃபேஸையே கேட்டுப் பெறட்டும். அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்டைப் புதிய பட்டியலைக் கட்டுபவர் மட்டும் பயன்படுத்திக்கொள்ளட்டும்.