புறநகர் ரயில் வேலைநிறுத்தமும் அமெரிக்க அரசின் தலையீடும்: கேள்வி பதில்

நியூயார்க்கின் லாங் ஐலண்டு ரயில், பக்கத்து மாநிலத்தின் நியூ ஜெர்சி டிரான்சிட் ஆகியவற்றில் எழும் சம்பளத் தகராறுகளில் அரசு எப்படித் தலையிடுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதில்கள் கீழே.

கேள்வி: லாங் ஐலண்டு ரயில் மாநில அரசின் சொத்து. அதன் தகராறில் அதிபருக்கு என்ன வேலை?

பதில்: உரிமையாளர் யாராக இருந்தாலும் ரயில் ரயில்தான் என்கிறது அமெரிக்கச் சட்டம். 1926-இல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டம் மத்திய அரசின் சட்டம். 'எங்கள் ஊழியர்கள் மாநில அரசு ஊழியர்கள், அவர்கள் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது' என்று நியூயார்க் தரப்பு வாதாடிப் பார்த்தது. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக நிராகரித்தது. அதனால்தான் ஒரே நகரில் சுரங்க ரயில் ஊழியருக்கு வேலைநிறுத்தம் சட்டவிரோதம். லாங் ஐலண்டு ரயில் ஊழியருக்கு, உரிய படிகளைக் கடந்த பின், உரிமை.

கேள்வி: அந்தப் படிகள் என்னென்ன? ஏன் இவ்வளவு காலம் இழுக்கிறது?

பதில்: இழுப்பதே சட்டத்தின் நோக்கம். முதலில், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பழைய ஒப்பந்தமே நீடிக்கும். சம்பளம் பழையதுதான், வேலைநிறுத்தமும் செய்ய முடியாது. தேசிய மத்தியஸ்த வாரியம் பேச்சுவார்த்தை நடத்தும். இனிப் பயனில்லை என்று அந்த வாரியம் இரு தரப்பையும் பேச்சிலிருந்து விடுவித்தால்தான் 30 நாள் அவகாசம் தொடங்கும். எப்போது விடுவிப்பது என்பதற்குக் கெடுவே கிடையாது. என்னைப் பொறுத்தவரை சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இது.

புறநகர் ரயில்களுக்கு 1981-இல் தனிப் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. மத்திய அரசு உருவாக்கிய கான்ரெயில் நிறுவனம் நடத்திவந்த புறநகர் சேவைகள் மாநில அமைப்புகளின் கைக்கு வரவிருந்த நேரம் அது. அதன்படி தொழிற்சங்கமோ, நிர்வாகமோ, மாநில ஆளுநரோ (அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்) கேட்டால், அதிபர் அவசரக்கால வாரியம் ஒன்றை அமைத்தே ஆக வேண்டும். அது விசாரித்துப் பரிந்துரை தரும். 120 நாளில் தீராவிட்டால் இரண்டாவது வாரியம். இதற்கு இரு தரப்பும் தங்கள் இறுதிக் கோரிக்கையைத் தர வேண்டும். வாரியம் நடுவில் வெட்டி ஒட்டாமல், எது அதிக நியாயம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் 240 நாள். அதற்குப் பிறகே வேலைநிறுத்தம்.

கேள்வி: வாரியம் சொன்னதை ஏற்காவிட்டால்?

பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் விலை உண்டு. நிர்வாகத்தின் கோரிக்கையை வாரியம் தேர்ந்தெடுத்த பிறகும் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால், ரயில்வே வேலையின்மை உதவித்தொகை கிடைக்காது. ஊழியர் பக்கம் நியாயம் என்று சொன்ன பிறகும் நிர்வாகம் மறுத்து ரயில் நின்றால், மற்ற ரயில் நிறுவனங்களுடன் செய்துகொண்ட வேலைநிறுத்தக்கால உதவி ஏற்பாட்டின் பலனை அது இழக்கும். ஊழியர் இழப்பது அடுப்பெரிக்கும் பணம். மாநில அமைப்பு இழப்பது பெரும்பாலும் ஏட்டில் உள்ள சலுகை. இதை நான் சமம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: தொழிற்சங்கங்களே அதிபரிடம் போனது ஏன்? அவர்களுக்குத்தானே தாமதம் நஷ்டம்?

பதில்: 2025 செப்டம்பரில் லாங் ஐலண்டு ரயிலின் ஐந்து சங்கங்கள் வேலைநிறுத்தத்திற்கு ஆதரவாக வாக்களித்த கையோடு வாரியம் கேட்டன. அதிபர் டிரம்பும் அமைத்தார். 2014-ஐ நினைத்துப் பாருங்கள்: இதே ரயிலில் இரண்டு வாரியங்களும் ஊழியர் பக்கமே சாய்ந்தன. நிர்வாகம் முரண்டு பிடித்தது. கடைசியில் ரயில் நிற்கச் சில நாட்களே இருக்கும்போது ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ தலையிட, ஆறரை ஆண்டில் 17 சதவீத உயர்வுக்கு ஒப்பந்தமானது. வெளியார் எழுதிய நியாயத் தீர்ப்பு கையில் இருந்தால் பொதுமக்கள் முன் பேசுவது எளிது.

கேள்வி: நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் முடித்துவிடலாமே?

பதில்: முடித்தும் இருக்கிறது. 1987 ஜனவரியில் லாங் ஐலண்டு ரயில் 11 நாள் நின்றபோது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் இயற்றி ஊழியர்களை வேலைக்குத் திருப்பியது. 2014-இல் அதே உதவியை நிர்வாகம் எதிர்பார்த்தது. உள்ளூர் உறுப்பினர்கள் கைவிரித்தார்கள். அதன் பிறகே பேச்சில் உயிர் வந்தது. வாஷிங்டன் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை யாரும் மனதார விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி: தினமும் லட்சக்கணக்கானோர் தவிக்கிறோம். வேலைநிறுத்தத்தையே தடை செய்தால் என்ன?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் சுரங்க ரயிலில் தடை இருந்தும் 2005 டிசம்பரில் மூன்று நாள் ரயில் ஓடவில்லை. சங்கத்திற்கு 25 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. நியூ ஜெர்சியையும் பாருங்கள். அங்கே ரயில் ஓட்டுநர்கள் 2019-க்குப் பிறகு சம்பள உயர்வு காணவில்லை. எல்லாப் படிகளையும் கடந்து, முதலில் எட்டிய உடன்பாட்டை 87 சதவீதம் பேர் நிராகரித்து, 2025 மே 16 அன்று வேலையை நிறுத்தினார்கள். மூன்றே நாளில் உடன்பாடு வந்தது. ஆண்டுக்கணக்கில் வராதது மூன்று நாளில் வந்ததென்றால், தவறு எங்கே என்று யோசியுங்கள்.

கேள்வி: ரயில் நிற்குமா என்பதைப் பயணி எப்படி முன்கூட்டி அறிவது?

பதில்: பேட்டிகளை விடுங்கள். முதல் வாரியம் எந்தத் தேதியில் அமைந்தது என்று பார்த்து 240 நாளைக் கூட்டுங்கள். அந்த வாரத்திலிருந்து உடன்பாடு வரும்வரை மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.