வளைகாப்புக்கு முன்பே வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்

மனைவிக்கு 26 வாரம் ஆகிறது, வளைகாப்பு முடிந்ததும் அவர் திருநெல்வேலியில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விடுவார், சென்னையில் தங்கிவிடும் நான் பிரசவ முன்தயாரிப்பு வகுப்புக்குப் போய் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். பயன் உண்டு, ஆனால் இருவரும் சேர்ந்து செல்ல எஞ்சியிருப்பவை இந்தச் சில வாரங்கள்தான் என்பதால், தள்ளிப்போடாதீர்கள்.

மூச்சுப் பயிற்சியைவிட எனக்குப் பெரிதும் உதவியது, பொய்வலிக்கும் மெய்வலிக்கும் உள்ள வேறுபாட்டை அங்கே கற்றதுதான். ஓய்வெடுத்தாலோ சற்று நடந்தாலோ தணிந்துவிடுவது பொய்வலி. இடைவெளி குறைந்து, நீடிக்கும் நேரமும் வலுவும் கூடிக்கொண்டே போவது மெய்வலி. நள்ளிரவில் மனைவி தொலைபேசியில் அழைத்தபோது, பதறாமல் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டு, கிளம்பச் சொல்ல என்னால் முடிந்தது. பனிக்குடம் உடைதல், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிரசவ அறையில் யார் துணையிருக்கலாம் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். திருநெல்வேலியில் இப்போதே விசாரித்துவிடுங்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் பொதுவாகப் பெண் துணையையே அனுமதிப்பதால், உங்கள் மாமியார் உடனிருக்கக்கூடும் எனில், வளைகாப்புக்கு அவர் சென்னை வரும்போது ஒரு வகுப்புக்காவது அழைத்துச் செல்லுங்கள். எங்கள் வகுப்பில் அதிகக் கேள்வி கேட்டவர் என் மாமியார்தான்.