மகள் வாய்பாடு ஒப்பிக்கிறாள், ‘ஏன் அப்படி வருது?’ என்றால் விழிக்கிறாள். எண்களில் உள்ள ஒழுங்கைக் கண்டுபிடித்து விளக்க எப்படிப் பழக்குவது?

மூன்றாம் வகுப்புப் பெண் 9ஆம் வாய்பாட்டைக் கடகடவென்று சொல்கிறாள், விடைகளில் இருக்கும் ஒழுங்குக்குக் காரணம் கேட்டால் பேச்சில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அனேகமாகச் சாயங்காலம் வேலை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ‘பாத்தியா, ரெண்டு இலக்கத்தையும் கூட்டினா 9 வருது’ என்று நீங்களே சொல்லிவிட்டு, அப்புறம் ‘ஏன்?’ என்று கேட்டிருப்பீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம். நானும் பதினோரு வருடம் அதையேதான் செய்தேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வாய்பாடு மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘எங்க காலத்துல 16ஆம் வாய்பாடு வரைக்கும் தலைகீழா சொல்வோம்’ என்று கீழே யாராவது கருத்துப் போடுவீர்கள். நானும் சொன்னவள்தான், இன்றைக்கும் சொல்வேன். ஒப்பிக்கத் தெரிந்ததாலேயே, எனக்கு ஒன்று தெரியாது என்பதே தெரியாமல் இருந்தது.

தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததே, அதற்குச் சில வருடம் முந்தைய கதை. நான்காம் வகுப்பில் ஒரு பையன், வீட்டுப்பாடம் செய்யவே மாட்டான். ஒருநாள் கோபத்தில் 9ஆம் வாய்பாட்டைப் பத்துத் தடவை எழுது என்று உட்கார வைத்தேன். (தண்டனையாக எழுத வைக்கலாமா என்று ஆரம்பிக்காதீர்கள். தப்புதான்.) நான் மற்றவர்களுக்கு ஒரு கழித்தல் கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடிப்பதற்குள் நோட்டை நீட்டிவிட்டான். பத்தும் சரி. எங்கேயோ பார்த்து எழுதிவிட்டான் என்று நினைத்து, சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, என் கண்ணெதிரே எழுதடா என்றேன்.

எழுதினான். விடை வர வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழே 0, 1, 2 என்று 9 வரை. அதையொட்டியே கீழிருந்து மேலே 0, 1, 2 என்று 9 வரை. 09, 18, 27, 36 என்று 90 வரை வந்துவிட்டது. ஒரு பெருக்கல்கூடப் போடவில்லை.

‘யாருடா சொல்லிக்குடுத்தா?’

‘யாரும் இல்ல டீச்சர். அதுவா அப்படித்தான் வருது.’

இன்றைக்கு இதற்கு யூடியூபில் எத்தனையோ காணொளி இருக்கும். அவன் வீட்டில் அதெல்லாம் கிடையாது, எழுதிக் கை வலித்ததில் அவனே பார்த்தது. சரி, ஏன் அப்படி வருது என்று கேட்டேன். முழித்தான். அவன் முழித்ததில் ஆச்சரியம் இல்லை. கேட்டுவிட்டு நானும் உள்ளுக்குள் முழித்துக்கொண்டு நின்றேன்.

முன் வரிசையில் ஒரு பெண். அம்மா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். ‘9 ரூபா சாமானுக்குப் பத்து ரூபா குடுத்தா ஒரு ரூபா மீதி தரணும்ல டீச்சர், அதான்’ என்றாள். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. வந்து போட்டுக் காட்டு என்றேன். நாலு சாமானுக்கு நாலு பத்து ரூபாய் நோட்டு, 40. மீதி 4 போனால் 36. ஐந்து சாமானுக்கு 50, மீதி 5 போனால் 45. ‘ஒவ்வொண்ணு கூட வாங்கும்போதும் பத்து ஏறும், ஒண்ணு இறங்கும்.’ பத்தாமிடம் ஏறுவதும் ஒன்றாமிடம் இறங்குவதும் அவ்வளவுதான்.

பையன் அதோடு விடவில்லை, பதினோராவது வரியை எழுதப் போனான். இடப்பக்கம் 10 போட்டான். வலப்பக்கம் 0க்கு அப்புறம் இறங்க இடமில்லை, நின்றுவிட்டான். அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே 110 குடுத்து 11 மீதி, 99 என்றாள். அவன் கண்டுபிடித்தது பத்தாவது வரியோடு நின்றுபோனது, அவள் கடை அதற்கு மேலும் நடந்தது. ஒழுங்கைப் பார்ப்பதற்கும் அதன் காரணம் தெரிவதற்கும் என்ன வித்தியாசம் என்பதை அன்றைக்குத்தான் நானே பார்த்தேன். ஆசிரியப் பயிற்சியில் கேட்டிருப்பேன், தலையில் ஏறவில்லை.

மறுநாள் 8ஆம் வாய்பாடு. சாமானுக்கு 2 ரூபாய் மீதி. 08, 16, 24, 32, 40 வரைக்கும் ஒன்று ஏறுகிறது, இரண்டு இறங்குகிறது. அடுத்தது 48 என்று எழுதினேன். ‘தப்பு டீச்சர், 58 வரணும்’ என்று வகுப்பே கத்தியது. எண்ணிப் பாருங்கள் என்று நோட்டுகளுக்குப் பதிலாகத் தீக்குச்சிக் கட்டுகளைக் கொடுத்தேன். ஆறு சாமானுக்கு 60, மீதி 12. கொஞ்ச நேரச் சண்டைக்கு அப்புறம் ஒருவன் சொன்னான்: ‘மீதியே பத்தத் தாண்டிடுச்சு, அதனால ஒரு நோட்டு திரும்பிப் போயிடுது.’ இப்படி ஒரு வாக்கியத்தை நான் எந்தப் பாடக்குறிப்பிலும் எழுதியதில்லை.

இதையெல்லாம் கல்யாண வீட்டில் சொல்ல முடியாது. ‘ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு சொல்லிக்குடுக்க இவ்வளவு யோசனையா’ என்று சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரின் தம்பி கல்லூரியில் பாடம் எடுக்கிறார், அவர் வந்தால் நாற்காலி ஓடி வரும். நான் ‘சின்னப் பசங்க டீச்சர்’. போதாததற்கு ‘உங்களுக்கென்ன, மே மாசம் பூரா லீவு’. அந்த வெயிலில் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து பார்த்தால் தெரியும். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஒழுங்கை நீங்கள் காட்டாதீர்கள். அடுத்தது என்ன வரும், எது வரைக்கும் இப்படியே வரும், இந்த இரண்டையும் மட்டும் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் காரணத்தை வெளியே இழுக்கும். ‘அதுவா வருது’ என்று சொன்னால் திட்ட வேண்டாம், கையில் ஏதாவது பொருளைக் கொடுங்கள். ஒற்றையா இரட்டையா விளையாடப் புளியங்கொட்டை போதும். ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் ஏன் இரட்டை என்று கேட்டதற்கு ஒரு இரண்டாம் வகுப்புக் குழந்தை, இரண்டு பக்கமும் தனியாக நின்ற கொட்டைகளைப் பக்கத்தில் நகர்த்தி, ‘இதுக்கு இது ஜோடி’ என்றது. விளக்கம் என்றால் எனக்கு அது போதும். பரீட்சைத் தாளில் அதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்காதீர்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘அமைப்புகள்’ என்று தனிப் பாடமே இருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதையே ‘எண் கோலங்கள்’ என்கிறார்கள், என்னைக் கேட்டால் அதுதான் பொருத்தமான பெயர். வாசலில் கோலம் போடும் வீடாக இருந்தால் நேர்ப்புள்ளி 3-1, 5-1, 7-1 என்று மூன்றையும் அவளையே வைக்கச் சொல்லுங்கள். முதலாவதில் 1, 3, 1 என்று மொத்தம் 5 புள்ளி. அடுத்ததில் 1, 3, 5, 3, 1 என்று 13, அதற்கடுத்ததில் 25. இப்போது 9-1க்கு எத்தனை புள்ளி என்று வைக்காமலே சொல்லச் சொல்லுங்கள். 41 என்று சொன்னால் எப்படி என்று கேளுங்கள். 8 கூடியது, 12 கூடியது, அதனால் அடுத்து 16 கூடும் என்பாள். கூடுவது ஏன் ஒவ்வொரு தடவையும் நாலு அதிகமாகிறது என்று கேட்டுவிட்டு, அவள் கோலத்தைச் சுற்றிச் சுற்றி வரும்போது நீங்கள் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். எனக்கு இன்னும் அது முழுசாக வரவில்லை.