பதில்: இளஞ்சிவப்புப் பூ மரம், மூன்று பெயர்கள்

ஒரே மரத்துக்கு டபேபுயா இம்பெடிஜினோசா, ஹேண்ட்ரோஆந்தஸ் இம்பெடிஜினோசஸ், டபேபுயா ரோசியா என்று மூன்று பெயர் கிடைத்திருக்கிறது, மரத்தின் பெயர்ப்பலகையில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் ஒரே மரம்தான், பழைய பெயரும் புதிய பெயரும். ரோசியா வேறு இனம்.

முன்பு டபேபுயா பெரிய பேரினமாக (நெருங்கிய இனங்களின் தொகுதியாக) இருந்தது. 2007இல் குரோஸ், ஓம்ஸ்டெட் என்ற தாவரவியலாளர்கள் இருவரும் மரபணு ஆய்வை வைத்து அதை மூன்றாகப் பிரித்தார்கள்: டபேபுயா, ஹேண்ட்ரோஆந்தஸ், ரோசியோடெண்ட்ரான். குடும்பம் மாறவில்லை, மூன்றுமே பிக்னோனியேசிதான். மிகக் கடினமான 'இப்பே' மரக்கட்டை தருபவை ஹேண்ட்ரோஆந்தஸில் சேர்ந்தன, இம்பெடிஜினோசாவும் அதில் ஒன்று. ரோசியா டபேபுயாவிலேயே நின்றது.

சரி, உங்களிடம் இருப்பது எது? பூவின் நிறத்தை நம்ப வேண்டாம், இரண்டுமே இளஞ்சிவப்பாகப் பூக்கும். இரண்டிலும் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள்தான், அதனால் அதுவும் உதவாது. ஓர் இலையைத் திருப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வட்டமான சின்னச் சின்னச் செதில்கள் நெருக்கமாக ஒட்டிக் கிடந்தால் டபேபுயா ரோசியா. அப்படி அடர்ந்த செதில் இல்லாமல் ரோமம், அதுவும் நரம்புகள் பிரியும் மூலைகளில் கொத்தாகத் தெரிந்தால் ஹேண்ட்ரோஆந்தஸ். பூ கிடைத்தால் புல்லிவட்டத்தையும் (பூவின் அடியில் இதழ்களைத் தாங்கும் உறை) பாருங்கள்: ரோசியாவில் அது இரண்டு உதடாகப் பிளந்திருக்கும், மற்றதில் விளிம்பில் ஐந்து பற்கள் இருக்கும். எனக்கு இலைச் செதில்தான் முதல் சாட்சி, பூ இல்லாத மாதங்களிலும் பார்க்கலாமே.

ஹேண்ட்ரோஆந்தஸ் என்று தெரிந்தால் பலகையில் புதிய பெயரைப் பெரிதாகவும் பழையதைக் கீழே சிறிதாகவும் எழுதுங்கள். நாற்று விற்பவர்கள் பலர் இன்னும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.