கதவைத் திற, தம்பி

கேள்வி: அன்புள்ள அக்கா, பல்கலைக்கழகத்தில் உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏ லெவலில் உயிரியல் எடுக்கவில்லை. இந்தப் பருவத்தில் நரம்பியல் பாடம் கட்டாயம். புத்தகத்தை மூன்று முறை படித்தேன், நான்கு வண்ணத்தில் கோடு போட்டேன். இடைத்தேர்வில் 40க்கு 17. பெயர்கள் மனத்தில் நிற்கவே இல்லை. மனிதர்களைப் புரிந்துகொள்ளத்தான் உளவியல் எடுத்தேன். சோடியமும் பொட்டாசியமும் எனக்கு எதற்கு? வீட்டிலும் படிக்க முடியவில்லை. என்னை வளர்த்த அப்பாயிக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கை வரவே இல்லை. கால் பரவாயில்லை, கோல் ஊன்றி நடப்பார். அப்பா, அம்மா வேலைக்குப் போவதால் மியன்மார் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார். 'தண்ணி' என்று கேட்கக்கூடத் திணறும் அப்பாயி, முருகன் பாட்டை மட்டும் காலையும் மாலையும் முழுசாகப் பாடுவார். அந்தச் சத்தத்துக்காகக் கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு படிக்கிறேன். வேறு துறைக்கு மாறிவிடலாமா? — வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, உளவியல் படிக்க வந்து மூளைப் பாடத்தில் இடறி விழுந்தவர்களின் கடிதம் ஒவ்வொரு பருவமும் வருகிறது. 'எல்லாருக்கும் இப்படித்தான், கவலைப்படாதே' என்று உனக்கு நான் எழுதப்போவதில்லை. படிக்கிற முறை தவறு, அதைத் திருத்தலாம், பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தக் கதவு.

தண்ணீர் கேட்க வாய் வராதவர் ஒரு பாட்டை முழுசாகப் பாடுகிறார். இதை எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அதற்குச் 'சத்தம்' என்று பெயர் வைக்கிறாய். உன் பாடப்புத்தகத்தில் மொழியைப் பற்றிய அதிகாரத்தைத் திற. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்தார். லெபோர்ன் என்ற அந்த மனிதர் எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே ஒலியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ஆனால் கோபம் வந்தால் ஒரு வசைச்சொல் மட்டும் தெளிவாக வரும். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடப்பக்க நெற்றிப் பகுதி சிதைந்திருந்தது. நினைத்துச் சேர்த்துப் பேசும் பேச்சு ஒன்று; பல வருஷம் சொல்லிச் சொல்லி ஊறிப்போன பாட்டு, வசவு, ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகளை வரிசையாகச் சொல்வது எல்லாம் வேறொன்று. முதலாவது போன பிறகும் இரண்டாவது மிஞ்சியிருக்கலாம். அதில் வலது அரைக்கோளத்துக்கும் மூளையின் அடியில் உள்ள முடிச்சுகளுக்கும் பங்கு உண்டு என்கிறார்கள். எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. விரிவுரையாளர் வகுப்பில் படம் போட்டுக் காட்டுவதை நீ தினமும் இரண்டு வேளை காதை மூடிக்கொண்டு தவிர்க்கிறாய்.

அந்தப் பாட்டைக் கேட்டாலே இன்னும் சில விஷயம் தெரியும். வார்த்தைகள் தெளிவாக வருகின்றன என்றால் நாக்கு, உதடு, குரல்நாண் மூன்றும் ஓரளவு நன்றாகவே வேலை செய்கின்றன. தசை பலவீனத்தால் வரும் குழறல் என்றால் பாட்டும் குழறியிருக்கும். ஆக, சிக்கல் பெரும்பாலும் வாயில் இல்லை, சொல்லைத் தேடிக் கோக்கும் இடத்தில் இருக்கிறது. இனி வலது கை. மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்புப் பாதையின் பெரும்பகுதி, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறுகிறது. வலது கை வரவில்லை என்றால் பழுது இடப்பக்கம். வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழியும் இடப்பக்கம்தான். கால் ஏன் தப்பித்தது? காலை அசைக்கும் பகுதி இரண்டு அரைக்கோளங்களும் சந்திக்கும் உட்சுவரில் இருக்கிறது. அங்கே ரத்தம் கொடுப்பது முன் பெருமூளைத் தமனி. கை, முகம், புரோக்கா கண்ட அந்தப் பேச்சுப் பகுதி ஆகியவை வெளிச்சுவரில் உள்ளன. அங்கே நடுப் பெருமூளைத் தமனி. ஸ்கேன் பார்த்த மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் நீ நாலு வரியில் எழுதியதை வைத்து அப்பாயிக்கு அடைபட்டது எந்தக் குழாயாக இருக்கலாம் என்று ஊகிக்கிற அளவுக்கு உன் பாடமே கற்றுத் தருகிறது. பெயர்கள் மனத்தில் நிற்கவில்லை என்கிறாய். நிற்க ஓர் இடம் கொடுத்தாயா?

சோடியமும் பொட்டாசியமும் எதற்கு என்று கேட்டாய். உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். உடல் ஓய்வாக இருக்கும்போதும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் செலவில் பெரும்பங்கு நரம்பணுவின் சுவரில் இருக்கும் பம்புக்குத்தான் போகிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு அது. ரத்தம் நின்றால் சில நிமிடங்களில் அதற்குச் சக்தி தீர்ந்துபோகும். சோடியம் உள்ளே தேங்கும், நரம்பணு வீங்கும், குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருள் கட்டுக்கடங்காமல் வெளியே கொட்டும், அது பக்கத்து நரம்பணுக்களில் கால்சியக் கதவைத் திறந்துவிடும், அவையும் சாகும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதற்கும், முகம் கோணினாலோ கை தொங்கினாலோ உடனே 995ஐ அழைக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இந்தச் சோடியமும் பொட்டாசியமும்தான். உன் அப்பாயியின் வார்த்தைகள் போனது அந்த நிமிடங்களில். மனிதர்களைப் புரிந்துகொள்ள வந்தேன், இது எனக்கு எதற்கு என்று கேட்பவன், எந்த மனிதரைப் புரிந்துகொள்ள வந்தான்?

இப்போது படிப்பு. மூன்று முறை வாசித்து வண்ணம் அடித்தது வீண். உளவியல் மாணவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக எழுதினார்கள், ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. பக்கம் கண்ணுக்குப் பழகுவதைத்தான் நீ தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறாய்.

வெள்ளைத்தாள் ஒன்றை எடு. புத்தகத்தை மூடு. ஒரு நரம்பணு சமிக்ஞை அனுப்புவதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரை. ஓய்வில் உட்புறம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். மைனஸ் 55ஐ ஒட்டி வந்ததும் சோடியக் கதவுகள் திறந்து, பிளஸ் 30, 40 வரை ஏறும். பிறகு சோடியக் கதவு அடைத்துக்கொள்ளும், பொட்டாசியக் கதவு திறக்கும், மின்னழுத்தம் இறங்கி மைனஸ் 70க்கும் கீழே சற்றுப் போய்த் திரும்பும். எது எங்கே அதிகம் என்பதையும் ஓரத்தில் எழுது: சோடியம் வெளியே, பொட்டாசியம் உள்ளே. எங்கே கை நின்றதோ அங்கே மட்டும் புத்தகத்தைத் திற. அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் மறுபடி வெறுந்தாளில் வரை. ஒரு தடவைக்கு 20 நிமிடம் போதும்.

இந்தப் படத்தில் பிள்ளைகள் மார்க் இழக்கும் இடங்கள் எப்போதும் அவையேதான். அழுத்தத்தைக் கீழே இறக்குவது பம்பு என்று எழுதுவார்கள். இல்லை, கதவு வழியே வெளியேறும் பொட்டாசியம். பம்பு நெடுநேரக் கணக்கைச் சரிசெய்வது. தூண்டல் பலமானால் அலை உயரமாகும் என்பார்கள். அலையின் உயரம் மாறாது, அடுத்தடுத்து வரும் வேகம்தான் கூடும். ஒரு நரம்பணு அடுத்ததற்கு அனுப்பும் வேதிப்பொருளைத் தூண்டுவது, அடக்குவது என்று முத்திரை குத்துவார்கள். அதை முடிவுசெய்வது வாங்கும் பக்கத்தில் உள்ள ஏற்பி. அசிட்டைல்கோலின் எலும்புத் தசையைச் சுருங்கவைக்கும், இதயத்துடிப்பையோ மெதுவாக்கும்.

உயிரியல் எடுக்காதவனுக்குக் குறைவது அதிகம் இல்லை. அயனி என்றால் என்ன, அடர்த்தி கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் ஏன் நகர்கிறது, மின்னேற்றம் அதை எப்படி இழுக்கிறது, புரதம் கொழுப்புச் சுவரில் எப்படி வாசலாகிறது: இந்த நாலும் ஒரு சனி, ஞாயிறில் முடியும். இவை இல்லாமல் மேலே படிப்பது அடித்தளமில்லாமல் சுவர் எழுப்புவது.

பெயர்களுக்கு வருகிறேன். அவை பெரும்பாலும் லத்தீனிலும் கிரேக்கத்திலும் உள்ள சாதாரணச் சொற்கள். ஹிப்போகேம்பஸ் கடல்குதிரை, அமிக்டலா பாதாம், கார்டெக்ஸ் மரப்பட்டை, சப்ஸ்டான்ஷியா நைக்ரா கறுப்புப் பொருள். தமிழில் ஒரு முறை பொருள் எழுதிவிட்டால் பாதிச் சுமை இறங்கும். திசைச் சொற்களில் கவனம்: முதுகுப்பக்கம் என்று சொல்லும் 'டார்சல்', தண்டுவடத்தில் பின்புறம், பெருமூளையில் மேற்புறம். நாம் நிமிர்ந்து நடப்பதால் நடுமூளை அருகே அச்சு வளைகிறது. இதை ஒரு நாயின் படத்தையும் மனிதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விளங்கும்.

இழந்த 23 மார்க் எங்கே போனது என்று உன் கடிதத்தில் இல்லை. விடைத்தாளோடு விரிவுரையாளரைப் பார்க்கப் போ. ஒவ்வொரு மார்க்கையும் பெயர் தெரியாமல் போனது, நடப்பு தெரியாமல் போனது, கேள்வியில் உள்ள நோயாளிக்குப் பொருத்தத் தெரியாமல் போனது என்று மூன்றாகப் பிரி. உன்னைப் போல் வண்ணம் அடித்துப் படிப்பவர்களுக்கு மூன்றாவதுதான் பெரும்பாலும் கனக்கும். அதைப் பார்க்காமல் துறை மாறுவதைப் பற்றி யோசிக்காதே. இறுதித் தேர்வு முடியட்டும்.

வீட்டுக்கு வருவோம். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். இந்த வகைப் பாதிப்பில் பேச்சுதான் முக்கியமாகப் போகும்; புரிந்துகொள்வது பெருமளவு மிஞ்சியிருக்கும். நீளமான, சிக்கலான வாக்கியம் குழப்பலாம். ஆனால் பேரன் தன் குரல் கேட்டுக் கதவைச் சாத்துகிறான் என்பது புரிய நீளமான வாக்கியம் வேண்டாம். உன்னைத் தூக்கி வளர்த்தவர், இன்று ஏன் சாத்துகிறாய் என்று கேட்கக்கூட வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பணிப்பெண் குளிப்பாட்டுகிறார், ஊட்டுகிறார், நடத்துகிறார். அவருக்கு நன்றி சொல். தமிழில் பேச அவரால் முடியுமா? பகல் முழுக்க அந்த வீட்டில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் பல நாட்களில் நீதான். பராமரிப்புக்கு ஆள் வைத்துவிட்டோம் என்பதோடு பிள்ளைகளின் கடமை முடிந்தது என்று நம்மிடையே ஒரு பழக்கம் வந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

மனப்பாடப் படிப்பை நூலகத்துக்கு மாற்று. நார்த்பாயின்ட் சிட்டியிலேயே ஈசூன் நூலகம் இருக்கிறது. வீட்டில் இருக்கும்போது காலை கால் மணி, மாலை கால் மணி அப்பாயிக்கு. தொலைக்காட்சியை நிறுத்து. அவர் முகத்துக்கு நேரே, அதே உயரத்தில் உட்கார். ஒரு தடவைக்கு ஒரே கேள்வி, சின்னதாக: 'தண்ணியா, காப்பியா?' கேட்கும்போதே டம்ளரைக் காட்டு. பிறகு காத்திரு; மனத்துக்குள் பத்து எண்ணு. அவர் தேடும் வார்த்தையை நீ முந்திக்கொண்டு சொல்லாதே, முடியவில்லை என்று அவர் கையசைத்தால் மட்டும் உதவு. தலையசைப்பு, விரல் நீட்டுவது, எல்லாமே பதில்தான். தப்பான சொல் வந்தால் திருத்திக்கொண்டிருக்காதே, பொருள் கிடைத்தால் போதும். சத்தமாகப் பேசாதே, காது கேட்காமல் போகவில்லை. 'இது என்ன சொல்லுங்க' என்று பொருளைக் காட்டிப் பரீட்சை வைக்கவே கூடாது. அவர் உன் அப்பாயி, உன் செய்முறைத் தேர்வு இல்லை. பாட்டு வரும்போது கூடச் சேர்ந்து பாடு.

பாடுவதால் மட்டும் பேச்சு திரும்பிவிடாது. பாட்டில் வரும் சொல் தானாக உரையாடலுக்கு நகர்ந்து வருவதில்லை. ராகம்போல் இழுத்து, இடது கையால் தாளம் தட்டி, 'தண்ணி வேணும்' போன்ற சின்னச் சொற்றொடர்களைப் பழக்கும் சிகிச்சை முறை ஒன்று 1970களிலிருந்து இருக்கிறது. எல்லாருக்கும் பொருந்தாது, பொருந்துமா என்று பேச்சுச் சிகிச்சையாளர்தான் பார்க்க வேண்டும், நீ காணொளி பார்த்துச் செய்யாதே. அந்தச் சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அப்பாயி எந்தச் சொல்லைத் தேடுகிறார், எந்த ஒலி வருகிறது, எது பாட்டு, எது பேச்சு என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அடுத்த சிகிச்சை எந்தத் தேதி என்று இன்று ராத்திரி அப்பாவிடம் கேள். வகுப்பு இல்லாத நாளாக இருந்தால் பணிப்பெண்ணோடு நீயும் போ. ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்: பாடும் பாட்டு, எத்தனை வரி தெளிவாக வருகிறது, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுகிறாரா, கிழமை சொல்கிறாரா, தண்ணீர் வேண்டும் என்றால் என்ன சைகை காட்டுகிறார், ஆம், இல்லை இரண்டையும் மாற்றிச் சொல்கிறாரா. இவற்றில் எத்தனைக்கு உனக்கு இப்போது பதில் தெரியும் என்று எனக்கு எழுது.