விற்ற பத்திரத்தைத் தேடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருமணமாகி ஓஹியோவில் இருக்கிறேன். என் கணவரின் குடும்பம் 1810 வாக்கில் வர்ஜீனியாவிலிருந்து இங்குள்ள ஹைலண்ட் கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) வந்து, யாருமில்லாத காட்டை வெட்டி விவசாயம் தொடங்கிய குடும்பம். மாமியாரிடம் இருக்கும் பழைய குடும்ப பைபிளையும், இணையத்தில் கிடைத்த குடும்ப மரத்தையும் வைத்து என் மகளுக்காக வம்சாவளி எழுதி வருகிறேன். இணைய மரம் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிக்கொண்டு 1620இல் வந்த மேஃப்ளவர் கப்பல்வரை போகிறது. இதை எப்படி உறுதி செய்வது? அந்தக் கப்பல் இல்லையென்றால் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று எங்கே பார்ப்பது? ஓஹியோவுக்கு முதலில் வந்தவரின் மனைவி பெயர் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் பெயரை யாரும் பதிவு செய்யவில்லை என்பதால் 'தெரியவில்லை' என்று போட்டுவிட்டு மேலே போய்விட்டோம்.

எஸ்., ஓஹியோ

பின்குறிப்பு: மரபணுப் பரிசோதனை செய்துபார்க்கலாமா?

அன்புள்ள எஸ்.,

அந்த வீட்டில் பிறந்தவர்கள் பைபிளைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சும்மா இருக்க, வாழ வந்த நீங்கள் உட்கார்ந்து தேடுகிறீர்கள். உங்கள் மகளுக்கு இதைவிட நல்ல சொத்து யாரும் தர முடியாது. ஆனால் உங்கள் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதில். பெண்கள் பெயரை யாரும் பதிவு செய்யவில்லை என்று படித்தவர்களும் சொல்லக் கேட்டுக் கேட்டு, இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அது தவறு. பதிவு செய்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்காத பக்கத்தில் செய்திருக்கிறார்கள்.

முதலில் கப்பலை முடித்துவிடுவோம். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகள் பட்டியல் ஒழுங்காகத் தொடங்குவதே 1820இல்தான். அதற்கு முன் பிலடெல்பியாவில் 1727 முதல் வந்திறங்கிய ஜெர்மானிய ஆண்களின் பட்டியல் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. மேஃப்ளவரில் வந்தவர்கள் 102 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். மிஞ்சியவர்களின் முதல் சில தலைமுறைகளை அவர்கள் சந்ததியாரின் சங்கம் ஆவணங்களோடு அச்சிட்டிருக்கிறது. உங்கள் மரத்துக்கும் அந்தப் புத்தகங்களுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனியாக ஆவணம் இல்லையென்றால் அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள். நூறு மரங்களில் ஒரே பெயர் இருக்கிறது என்பது சாட்சி ஆகாது. ஒருவர் எழுதியதைத் தொண்ணூற்றொன்பது பேர் நகலெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பைபிளில் ஒன்றே ஒன்று பாருங்கள். முகப்புப் பக்கத்தில் அச்சிட்ட ஆண்டு என்ன? 1840இல் அச்சான பைபிளில் 1790 முதலான பிறப்புகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், யாரோ ஒருநாள் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியவை அவை.

சென்சஸ் உங்களுக்கு ஓரளவுக்குத்தான் உதவும். வீட்டிலுள்ள சுதந்திர மனிதர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதத் தொடங்கியது 1850இல். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்டது 1880இல். 1840 வரை தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் எண்ணிக்கையாக நிற்பார்கள். ஓஹியோவின் 1810 கணக்கெடுப்போ ஒரு கவுண்டி தவிர முழுக்கத் தொலைந்துவிட்டது. இந்த இடத்தில்தான் எல்லோரும் 'பெண்கள் பெயர் இல்லை' என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

எழுந்து போகாமல் பத்திரங்களுக்கு வாருங்கள். விவசாயக் குடும்பம் பள்ளிக்கூடமும் தேவாலயமும் இல்லாத இடத்தில் வாழ்ந்திருக்கலாம், ஆனால் நிலம் இல்லாமல் வாழ்ந்திருக்காது. கவுண்டி அலுவலகத்தில் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு: வாங்கியவர் பெயரில் ஒன்று, விற்றவர் பெயரில் ஒன்று. முன்னோர் எப்போது நிலம் வாங்கினார் என்று அறியும் ஆசையில் வாங்கிய பத்திரத்தை மட்டும் எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. வாங்கும்போது பெரும்பாலும் ஆண் பெயர் மட்டும்தான் இருக்கும். விற்கும்போது அப்படி முடியாது. கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்க மனைவிக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. அதை அவள் விட்டுக்கொடுக்காவிட்டால் வாங்குகிறவனுக்குப் பின்னால் வில்லங்கம். ஆகவே பத்திரத்தின் கடைசியில், சாட்சிகளுக்குக் கீழே, ஒரு சிறிய பத்தி இருக்கும். மனைவியைக் கணவனிடமிருந்து தனியே அழைத்து, பத்திரத்தின் பொருளை விளக்கி, யார் கட்டாயமும் இல்லாமல் சம்மதிக்கிறாளா என்று நீதிபதி கேட்டறிந்ததாக அதில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவள் என்றால் ஒரு பெருக்கல் குறி, அதன் இரு பக்கமும் எழுத்தர் எழுதிய அவள் பெயர். இந்த உரிமை ஓஹியோவில் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் கணவர் தன் பெயரிலுள்ள பண்ணையை நாளைக்கு விற்றாலும் நீங்களும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

லிங்கன் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் காடு வெட்டிய விவசாயக் குடும்பம்தான். ஜனாதிபதியின் தாத்தா, அவர் பெயரும் ஆபிரகாம், 1780இல் வர்ஜீனியாவின் லின்வில் கிரீக் நிலத்தை விற்றபோது பத்திரத்தில் மனைவி பெயர் வருகிறது, 'பெர்ஷீபா' என்று. பத்சேபா என்ற பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஜனாதிபதியோ 1859இல் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில், நியூ இங்கிலாந்து லிங்கன்களோடு தன் குடும்பத்தை இணைக்கப் பார்த்ததில் மொர்தெகாய், சாலமோன் என்று பெயர்கள் ஒத்துப்போவதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை என்கிறார். இணைப்பு உண்மையானதுதான். நியூ இங்கிலாந்திலிருந்து வந்து பென்சில்வேனியாவில் 1736இல் இறந்த மொர்தெகாய் லிங்கன் நியூஜெர்சியிலுள்ள 300 ஏக்கரை மகன் ஜானுக்கு உயில் எழுதிவைத்திருந்தார். அந்த ஜான்தான் வர்ஜீனியாவுக்குப் போனவர், ஜனாதிபதியின் கொள்ளுத்தாத்தா. ஜனாதிபதியின் பெற்றோரின் திருமண உறுதிப் பத்திரமும் இப்படித்தான். கென்டக்கியில் அப்பா வாழ்ந்த ஹார்டின் கவுண்டியில் கிடைக்காமல், மணப்பெண் இருந்த வாஷிங்டன் கவுண்டியில் 1878இல் கிடைத்தது. ஜனாதிபதி இறந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. திருமணப் பதிவைப் பெண் வீட்டுக் கவுண்டியில் தேடுங்கள்.

இனி உங்கள் வேலை. ஹைலண்ட் கவுண்டி உருவானது 1805இல். ராஸ், ஆடம்ஸ், கிளெர்மாண்ட் கவுண்டிகளிலிருந்து பிரித்தது. அதற்கு முந்தைய பத்திரம் அந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் வர்ஜீனியாவில் அவர்கள் கடைசியாக விற்ற பத்திரம். பலர் ஓஹியோவில் குடியேறி ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்துத்தான் பழைய நிலத்தை விற்றார்கள். அப்போது பத்திரத்தின் முதல் வரியிலேயே 'ஓஹியோ மாநிலம் ஹைலண்ட் கவுண்டியைச் சேர்ந்த இன்னாரும் அவர் மனைவி இன்னாரும்' என்று இருக்கும். ஒரே வரியில் இரண்டு மாநிலமும் மனைவி பெயரும். ஃபேமிலிசர்ச் தளத்தில் பழைய கையெழுத்துப் பத்திரங்களைச் சொல் கொடுத்தே தேடும் வசதி இலவசமாக இருக்கிறது. குடும்பப் பெயரோடு 'ஹைலண்ட்' என்று சேர்த்துத் தேடுங்கள். எழுத்தர் மனம்போல எழுதியிருப்பார் என்பதால் பெயரை நாலைந்து விதமாக மாற்றிக் கொடுங்கள்.

பெயர் கிடைத்தாலும் அவள் பிறந்த வீடு எது என்பது பாக்கி. அதற்கு நான்கெல்லைகளைப் பாருங்கள். ஓஹியோவின் மற்ற பகுதிகள் பலவற்றில் நிலத்தை ஆறு மைல் சதுரமாக வெட்டினார்கள். உங்கள் கவுண்டி, வர்ஜீனியா தன் போர்வீரர்களுக்காக ஒதுக்கிக்கொண்ட பகுதி. அங்கே 'வெள்ளை ஓக் மரத்திலிருந்து வடக்கு 40 பாகை கிழக்காக 120 போல் (pole என்ற நீள அளவு), பக்கத்து நிலத்துக்காரர் எல்லையிலுள்ள ஹிக்கரி மரம்வரை' என்ற மாதிரிதான் அளவு. ஒரு போல் 16.5 அடி, 160 சதுர போல் ஒரு ஏக்கர். பாகைமானியும் அளவுகோலும் கொண்டு வரையுங்கள். ஒரு அங்குலத்துக்கு 121 போல் என்று வைத்தால் 1:24,000 அரசு நிலவரைபடத்தின் மேல் அப்படியே பொருந்தும், ஓடையின் வளைவை வைத்து இடத்தைப் பிடிக்கலாம். கோடுகள் தொடங்கிய மரத்துக்கே திரும்பி வராவிட்டால், பதிவேட்டில் நகலெடுத்தவர் வடக்கைத் தெற்கு என்று எழுதியிருப்பார், அல்லது ஒரு வரியை விட்டிருப்பார். ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

அந்தப் பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்து இல்லாத ஊரில் பெண் எடுப்பது குதிரையில் போய்வரும் தூரத்துக்குள்தான். அவர்களில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், பிள்ளைகள் சேர்ந்து ஒரு சகோதரனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதியிருப்பார்கள். அதில் மகள்கள் கணவர் பெயரோடு வரிசையாக இருப்பார்கள். உங்கள் முன்னோர் பெயர் மருமகன்களில் ஒருவராக அங்கே இருந்தால், தேடல் முடிந்தது. அட்டவணையில் மூத்தவர் பெயரை மட்டும் போட்டு 'மற்றும் பலர்' என்று விட்டிருப்பார்கள் என்பதால், அந்த அக்கம்பக்கத்துக் குடும்பப் பத்திரங்கள் ஒவ்வொன்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும். குறுக்கு வழி இல்லை. மரபணுப் பரிசோதனை பற்றிப் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். இந்தக் கட்டத்துக்கு வந்து, எந்த இரண்டு குடும்பங்களை ஒப்பிட வேண்டும் என்று தெரிந்த பிறகு செய்யுங்கள்.

'யாருமில்லாத காடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அது பூர்வகுடிகளான ஷானி மக்கள் வேட்டையாடிய நிலம். போரில் தோற்றபின் 1795இல் கிரீன்வில் ஒப்பந்தத்தில் அவர்கள் கையைவிட்டுப் போனது. அந்தப் பண்ணையின் மூலப்பத்திரம் அந்த ஒப்பந்தம்தான். மகளுக்கு எழுதுகிறீர்கள், அதிலிருந்தே தொடங்குங்கள். வர்ஜீனியாவில் இறந்தவர்களின் சொத்துப் பட்டியலைப் பார்க்கும்போது பசு, கலப்பை, கொப்பரைக்கு நடுவே அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களின் பெயர்களும் விலையோடு இருக்கலாம். வெட்கப்பட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். 1850, 1860 சென்சஸின் அடிமைப் பட்டியல்களில் பொதுவாக உடையவர் பெயர்தான் உண்டு, அவர்கள் பெயர் இல்லை. 1870இல்தான் அவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முந்தைய தன் பாட்டியைத் தேடும் ஒருவருக்கு நீங்கள் படமெடுத்துப் பொதுவில் வைக்கும் அந்த ஒரு பக்கம் தவிர வேறு வழி இல்லாமல் இருக்கலாம்.

ஹைலண்ட் கவுண்டியின் விற்றவர் அட்டவணையில் 1805 முதல் 1850 வரை உங்கள் குடும்பப் பெயரில் இருக்கும் எல்லா வரிகளையும், தொகுதி எண்ணும் பக்க எண்ணும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எந்தப் பத்திரத்தை முதலில் திறக்க வேண்டும் என்று சொல்கிறேன்.