படகு டிக்கெட் முதலில், கூடாரத்துக்கு இடம் அப்புறம்

கேள்வி: கலிஃபோர்னியாவின் சேனல் ஐலண்ட்ஸ் நேஷனல் பார்க்கில், சாண்டா குரூஸ் தீவின் ஸ்கார்பியன் முகாமில் இரண்டு இரவு தங்க ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் இடம் பிடித்துவிட்டோம். பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். இப்போது படகு டிக்கெட் எடுக்கப் போனால், போகிற வெள்ளிக்கிழமைக்கு இருக்கிறது, திரும்புகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லை. முகாம் இடத்தை ரத்து செய்துவிடவா, இல்லை போய்விட்டு அங்கே பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து "அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் கிளம்பாதீர்கள். அந்தத் தீவில் கடை கிடையாது, விடுதி கிடையாது, கரைக்கு வர வேறு வழியும் கிடையாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் திரும்பும் டிக்கெட் கையில் இல்லாமல் ஏறவே கூடாது.

அதற்காக அவசரப்பட்டு ரத்தும் செய்ய வேண்டாம். வென்சுராவிலிருந்து படகு விடும் ஐலண்ட் பேக்கர்ஸ் நிறுவனத்துக்கு முதலில் போன் போடுங்கள். இணையத்தில் 'இல்லை' என்று காட்டினாலும், யாராவது ரத்து செய்தால் உங்களைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கலாம். சனிக்கிழமையோ திங்கட்கிழமையோ திரும்ப நான்கு இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு இரவு குறைந்தாலும் பயணம் பயணம்தான்.

இப்போது பணக் கணக்கு. ரெக்ரியேஷன் டாட் கவ்வில் முகாம் இடத்தை ரத்து செய்தால் 10 டாலர் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். போக வேண்டிய நாளிலோ அதற்கு முந்தின நாளோ ரத்து செய்தால் முதல் இரவுக் கட்டணமும் போய்விடும். சொல்லாமல் கொள்ளாமல் போகாமலே விட்டால் 20 டாலரும் முதல் இரவுக் கட்டணமும் போகும். ஆகவே புதன்கிழமைக்குள் படகு கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள். நஷ்டம் அந்த 10 டாலரோடு நிற்கும். நான்கு பேர் படகு டிக்கெட்டோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை.

அடுத்த முறைக்கு ஒன்று சொல்கிறேன். தீவு முகாமில் நீங்கள் உண்மையில் வாங்குவது படகு இருக்கையைத்தான். முகாம் இடம் ஆறு மாதம் முன்பே திறந்துவிடுவதால் பலரும் அதில் கையை வைத்துவிட்டு, படகு எப்படியும் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். பார்க் நிர்வாகமே முதலில் படகை உறுதி செய்யச் சொல்கிறது. இரண்டு தளத்தையும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள். முகாமில் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் போகவும் வரவும் படகு எடுங்கள், எடுத்த கையோடு முகாமுக்குப் பணம் கட்டுங்கள்.

அப்புறம், கடல் கொந்தளித்தால் படகு வராது. படகு நிறுவனமே ரத்து செய்தால் பணம் எப்படித் திரும்பும், முகாம் கட்டணம் என்ன ஆகும் என்று இரண்டு இடத்திலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் போதுமான சாப்பாடும் இருக்கட்டும். திரும்பும் நாளின் மறுநாள் காலை விமானம் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: அதே படகில் ஒருநாள் போய்வரும் டிக்கெட் விலை குறைவு, முகாமுக்கான டிக்கெட் அதிகம். ஒருநாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்த் தங்கிவிட்டால் என்ன?

பதில்: முடியாது. ஒருநாள் டிக்கெட்டில் திரும்பும் இருக்கை அன்றைக்கு மாலைதான். மறுநாள் படகில் உங்களுக்கென்று இடம் இருக்காது. கூடாரம், பை, சமையல் சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு வருவதற்கும் சேர்த்துத்தான் முகாம் டிக்கெட் விலை. மூட்டைகளுக்கு எடை வரம்பும் உண்டு, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நேஷனல் பார்க் ஆண்டு பாஸ் வாங்கினால் சேனல் ஐலண்ட்ஸில் மிச்சம் பிடிக்கலாமா?

பதில்: இதற்கென்று வாங்காதீர்கள். அங்கே நுழைவுக் கட்டணமே இல்லை. படகுக்கு அந்த பாஸ் செல்லாது.

கேள்வி: கூட்டம் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று அதே பார்க்கின் ஆனகாபா தீவில் இரண்டு இரவு தங்க யோசிக்கிறோம். நான்கு பேர். என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: வாங்குவதற்கு முன் தண்ணீரைக் கணக்குப் போடுங்கள். ஸ்கார்பியனில் குடிநீர்க் குழாய் உண்டு, ஆனகாபாவில் ஒரு சொட்டு கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் (ஏறக்குறைய 3.8 லிட்டர்) என்று வையுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 12 கேலன், அதாவது ஏறக்குறைய 45 கிலோ. படகை விட்டு இறங்கியதும் செங்குத்தான பாறையில் 150-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும், அதன்பிறகு முகாம் வரை நடை. கூடாரம், சாப்பாடு எல்லாம் தனி. நிழலுக்கு மரமும் கிடையாது, காற்று விடாது. இரண்டு பேர் ஓர் இரவு தங்க ஆனகாபா அருமையான இடம். சின்னப் பிள்ளைகளோடு நான்கு பேர் என்றால் ஸ்கார்பியனையே சொல்வேன்.

எங்கே போனாலும் விலை உயர்ந்த கூடாரத்தைவிட நல்ல முளைகளும் கயிறும் முக்கியம். ஸ்கார்பியனில் சாப்பாட்டைப் பூட்டி வைக்க முகாமிலேயே பெட்டி இருக்கிறது, அதற்கென்று தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். பூனையைவிடச் சின்னதாக அங்கே ஒரு தீவு நரி உண்டு, பக்கத்தில் வரப் பயப்படாது. அண்டங்காக்கைகள் பையின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறந்துவிடும். பிஸ்கட் பாக்கெட்டை முதுகுப்பையில் வைத்துவிட்டு நடக்கப் போனால் திரும்பி வரும்போது உறைதான் மிச்சம். அந்த நரி இந்தத் தீவுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. 1990-களில் அழிவின் விளிம்புக்குப் போய், பெரும்பாடு பட்டு மீட்கப்பட்ட இனம். அதற்கு நம் தின்பண்டத்தைப் பழக்குவது பெரிய கெடுதல்.

குப்பைத் தொட்டி கிடையாது. கொண்டுபோன எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும், கெட்டியான குப்பைப் பைகளையும் பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: சேனல் ஐலண்ட்ஸுக்காக வாங்கிய சின்ன கேஸ் அடுப்பு இருக்கிறது. ஃப்ளோரிடாவின் தீவுப் பார்க்கான டிரை டோர்ட்டூகாஸுக்கும் அதையே கொண்டுபோகலாமா?

பதில்: நல்லவேளை, கிளம்பும் முன் கேட்டீர்கள். இரண்டு பார்க்கிலும் விதி நேர் எதிர். சேனல் ஐலண்ட்ஸ் முகாம்களில் விறகும் கரியும் கூடாது, கேஸ் அடுப்பு மட்டும்தான். டிரை டோர்ட்டூகாஸுக்குக் கீ வெஸ்ட்டிலிருந்து போகும் பயணிகள் படகில் கேஸ் உருளையோ திரவ எரிபொருளோ ஏற்ற மாட்டார்கள். தானே பற்றிக்கொள்ளும் கரிக்கட்டி கொண்டுபோகலாம், முகாமில் கிரில் இருக்கிறது. ஒரு வேளையாவது சமைக்கத் தேவையில்லாத சாப்பாடாக எடுத்துக்கொண்டால் நிம்மதி. ஆனகாபாவைப் போலவே அங்கேயும் குடிநீர் கிடையாது.

நீங்கள் கேட்காத ஒன்று: அங்கே 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர் நுழைவுக் கட்டணம் உண்டு, படகு டிக்கெட் விலையிலேயே அதைச் சேர்த்துவிடுவார்கள். ஆண்டு பாஸ் இருந்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும், பயணத்தன்று பாஸையும் அடையாள அட்டையையும் கவுண்டரில் காட்டிக் கேளுங்கள். முகாமுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் படகில் நாளொன்றுக்குச் சில இடங்கள்தான். ஆகவே விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் படகில் இடம் உறுதியாகட்டும்.